“கிளம்பி வந்துடு கண்ணு” என்று சொல்வதற்கு முன்: வெளிநாட்டில் கணவரிடம் அடிபடும் பெண்ணுக்கு எந்த நாட்டில் எந்த வழி

சேலம் அஸ்தம்பட்டியில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் டைப்பிங்கும் மொழிபெயர்ப்பும் செய்கிற சின்னக் கடை எனக்கு. முன்பெல்லாம் கிரயப் பத்திரம், பிறப்புச் சான்று என்றுதான் வரும். சில வருடங்களாக வேறு ஒரு கட்டும் வருகிறது: பெண்ணைப் பெற்றவர்கள் கைப்பட எழுதிய நாலு பக்கம், கல்யாணப் பத்திரிகை, வாட்ஸப்பில் வந்த மிரட்டலின் பிரிண்ட் அவுட். டல்லாஸுக்கோ லீட்ஸுக்கோ அனுப்பணும், இங்கிலீஷில் போட்டுக் கொடுங்க என்பார்கள்.

போன மாதம் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தார். பிளாஸ்டிக் கவரில் காகிதங்கள். “அடிக்கிறானாம் சாமி, கிளம்பி வந்துடு கண்ணுன்னு சொல்லிட்டேன், சரிதானே?” என்றார். பாசத்துக்குச் சரிதான். ஆனால் மகள் எந்த விசாவில் இருக்கிறாள் என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை அங்கே சிட்டிசனா, கிரீன் கார்டா, கம்பெனி விசாவா என்பதும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் வேலை, அவ்வளவுதான் தெரியும்.

இதே கேள்வி பல பேரிடமிருந்து வந்துவிட்டது என்பதால் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. இந்த மனுக்களை மொழிபெயர்த்து மொழிபெயர்த்துத் தெரிந்துகொண்டதுதான். கடைசி முடிவுக்கு அந்தந்த நாட்டு வக்கீலிடம் பேசித்தான் ஆக வேண்டும், கட்டணம் வாங்காத வக்கீல்களும் இருக்கிறார்கள். இன்னொன்று, உயிருக்கே ஆபத்து என்றால் கீழே உள்ள எதையும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் வீட்டை விட்டு வெளியே. வீட்டை விட்டு வெளியேறுவது வேறு, நாட்டை விட்டு வெளியேறுவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேருக்குக் கதவு அடைபடுகிறது.

முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

முதல் கேள்வி கணவரைப் பற்றியது. அந்த நாட்டில் அவர் யார்: குடிமகனா, நிரந்தரமாகத் தங்க உரிமை உள்ளவரா, வேலை விசாவில் வந்தவரா. பெண் என்ன அனுபவித்தாள் என்பதைவிட இந்த ஒரு விவரம்தான் பல நாடுகளில் வழியைத் தீர்மானிக்கிறது. அநியாயம்தான், இருந்தாலும் அப்படித்தான் சட்டம் இருக்கிறது.

அடுத்து, பெண்ணின் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா என்ன, அது எப்போது முடிகிறது. கணவருக்குத் தெரியாமல் மனுப் போட முடியுமா. காத்திருக்கும் காலத்தில் வேலை செய்து சாப்பிட முடியுமா. அந்த நாட்டை விட்டுக் கிளம்பினால் வழி அடைபடுமா. குழந்தை இருந்தால் அதன் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது. இவற்றைக் கேட்டுவிட்டுத்தான் வழிகளை ஒப்பிட முடியும்.

ஒரு வேளை விசா உங்கள் மகளின் பெயரில்தான் இருக்கிறது, நர்ஸ் வேலைக்குப் போனவள், கணவர்தான் அவளை அண்டி வந்தவர் என்றால் தங்கும் உரிமையைப் பற்றிக் கவலையில்லை. அவரைப் பிரிவதால் அவள் விசா போகாது.

அமெரிக்கா: கணவர் சிட்டிசன் அல்லது கிரீன் கார்டு என்றால்

இருப்பதிலேயே பலமான வழி இது. 1994இல் வந்த பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டத்தை அங்கே ‘வாவா’ என்கிறார்கள். கணவர் கையெழுத்தே இல்லாமல், ஐ-360 என்ற படிவத்தில் மனைவி தானே மனுப் போடலாம். படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. மனுப் போட்ட விஷயத்தைக் கணவருக்குச் சொல்லக் கூடாது என்று சட்டமே குடியேற்ற அலுவலகத்தின் கையைக் கட்டி வைத்திருக்கிறது. போலீஸ் புகார் கட்டாயமில்லை. அடி மட்டும்தான் கணக்கு என்றும் இல்லை, கடுமையான மனக்கொடுமையும் சேரும். நம்பத்தக்க எந்தச் சான்றையும் பார்க்க வேண்டும் என்பது விதி, அதனால்தான் அம்மா எழுதிய கடிதத்துக்கும் அங்கே மதிப்பு இருக்கிறது. பெயரில் பெண்கள் என்று இருந்தாலும் அடிபடும் கணவரும் இதே மனுவைப் போடலாம்.

காட்ட வேண்டியவை: கல்யாணம் விசாவுக்காகச் செய்த நாடகம் இல்லை, இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள், கொடுமை நடந்தது, மனுதாரர் நன்னடத்தை உள்ளவர். விவாகரத்து ஆகிவிட்டாலும் 2 ஆண்டுக்குள் போடலாம். ஆனால் அந்த விவாகரத்துக்கும் கொடுமைக்கும் தொடர்பு இருக்க வேண்டும்.

வெளியே தெரியாத செலவு என்றால் காலம்தான், தீர்ப்பு வர வருடக்கணக்கில் ஆகிறது. கணவர் சிட்டிசனாக இருந்தால் கிரீன் கார்டு மனுவையும் சேர்த்தே போட்டு, அதன் பேரில் வேலை அனுமதி கேட்கலாம். கணவர் வெறும் கிரீன் கார்டுக்காரர் என்றால் கிரீன் கார்டு வரிசை நிலவரத்தைப் பார்க்க வேண்டும். இன்னொரு கண்ணி யாரும் சொல்வதில்லை: மனு ஏற்கப்படும் முன் மறுமணம் செய்துகொண்டால் மனு போச்சு. இங்கே ஊரில் “வயசு போகுது” என்று அவசர அவசரமாக ஜாதகம் பார்க்கிற வீடுகளுக்குச் சொல்கிறேன்.

கையில் ஏற்கெனவே 2 வருடத்து நிபந்தனை கிரீன் கார்டு இருந்தால், நிபந்தனையை நீக்கக் கணவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். கொடுமை நடந்திருந்தால் ஐ-751 படிவத்தைத் தனியாகவே போடலாம். 10 வருடத்துக் கார்டே வந்துவிட்டது என்றால், “டைவர்ஸ் பண்ணினா உன் கார்டை கேன்சல் பண்ணிடுவேன்” என்று கணவர் மிரட்டுவது சும்மா. கார்டு அவர் கொடுத்ததும் இல்லை, அவரால் பிடுங்கவும் முடியாது.

அமெரிக்கா: கணவர் எச்-1பி, மனைவி எச்-4 என்றால்

எச்-1பி என்பது கம்பெனி மூலம் வரும் வேலை விசா, எச்-4 அவரை அண்டி வரும் மனைவிக்கான விசா. என் கடைக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் இந்த வகைதான், வழி குறைவாக இருப்பதும் இதற்குத்தான். எச்-1பிக்காரரின் மனைவிக்கு வாவா கிடையாது. இந்தியர்களுக்கு வேலை வழிக் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்பது ஊருக்கே தெரியும், ஆக அந்தப் பெண் பத்து வருடம் அங்கே வாழ்ந்திருந்தாலும் இன்னும் எச்-4தான். விவாகரத்து முடிவான அன்றே எச்-4 தகுதி போய்விடும். புகார் கொடுத்து அவர் வேலை போனாலும் இவள் தகுதியும் சேர்ந்தே ஆட்டம் காணும். இந்தப் பயத்தில்தான் வாய் திறக்காமல் இருக்கிறார்கள்.

இருக்கும் வழிகள் இரண்டு, இரண்டுமே அரைகுறை. ஒன்று, கொடுமைக்குள்ளான எச்-4 மனைவிக்குத் தனி வேலை அனுமதி, படிவம் ஐ-765வி. 2005இல் சட்டத்தில் எழுதியதற்கு 2017இல்தான் படிவமே வந்தது. வேலை செய்யலாம், ஆனால் அது தங்கும் தகுதி ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். மாணவர் விசா போன்ற வேறொன்றுக்கு மாறுவதென்றால் விவாகரத்து முடிவதற்குள் மாற வேண்டும், அதற்குக் காலேஜ் ஃபீஸ் யார் கட்டுவது என்ற கேள்வி சேலத்துக்கு வந்து நிற்கும்.

இரண்டாவது யு விசா. குற்றத்துக்கு ஆளாகி, விசாரணைக்கு உதவுகிறவர்களுக்கு 2000இல் உண்டாக்கியது. கணவர் என்ன தகுதியில் இருக்கிறார் என்பது இதில் பொருட்டே இல்லை, அதுதான் இதன் அருமை. ஆனால் போலீஸோ அரசு வக்கீலோ சான்றுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், அந்தக் கையெழுத்து ஆன 6 மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் என்று வரம்பு, வரிசையோ பல வருடம். விசா கிடைத்தால் 4 ஆண்டு தங்கலாம், 3 ஆண்டு கழித்துக் கிரீன் கார்டு கேட்கலாம். ஆக எச்-4 பெண்ணுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அடித்த அன்று 911க்கு, அதாவது அங்குள்ள போலீஸ் அவசர எண்ணுக்குக் கூப்பிட்ட பதிவு இருந்தால் அதன் எண்ணை எழுதி வை. அது இல்லாமல் யு விசாவுக்கு ஆரம்பமே கஷ்டம்.

பிரிட்டன்

கணவர் பிரிட்டிஷ் குடிமகன் அல்லது நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர், மனைவி துணைவர் விசாவில் இருக்கிறார் என்றால், அமெரிக்காவைவிட வேகமான வழி இது. கொடுமையால் உறவு முறிந்ததைக் காட்டினால் நேராக நிரந்தரக் குடியிருப்பே கேட்கலாம், ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம். கட்டணம் மூவாயிரம் பவுண்டுக்கு மேல், கையில் காசில்லை என்று காட்டினால் தள்ளுபடி உண்டு. மனு எழுதும் வரை சாப்பாட்டுக்கும் தங்கவும் வழியில்லை என்றால், மூன்று மாதச் சலுகை ஒன்று இருக்கிறது, அரசு உதவித்தொகையும் வேலையும் அதில் கிடைக்கும்.

கவனம் இங்கேதான். 2024 முதல் அந்த மூன்று மாதச் சலுகையை வேலை விசாக்காரர், மாணவர் ஆகியோரின் துணைவர்களுக்கும் நீட்டினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அதற்குப் பின் நிரந்தரக் குடியிருப்பு வழி இல்லை. சலுகையை எடுத்த உடனே பழைய விசா போய், கையில் மூன்று மாதம் மட்டும்தான் மிஞ்சும். இரண்டு வருடம் பாக்கி இருந்த விசாவை மூன்று மாதத்துக்கு மாற்றிக்கொண்டது போல ஆகிவிடும். அந்த மூன்று மாதத்துக்குள் என்ன செய்யப் போகிறோம் என்று வக்கீலிடம் பேசி முடிவு செய்யாமல் அந்தப் படிவத்தைத் தொடவே கூடாது.

பிரிட்டனில் எனக்குப் பிடித்த ஒரு மாற்றமும் உண்டு. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு என்று மனைவியைச் சேலத்துக்குக் கூட்டிவந்து விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டோடு தனியாகத் திரும்பிப் போய்விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா? துணைவர் விசாவில் இருந்து இப்படிக் கைவிடப்பட்டவர்கள் வெளிநாட்டில் இருந்தே நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்க 2024 ஜனவரி 31 முதல் வழி செய்திருக்கிறார்கள்.

கனடாவும் ஆஸ்திரேலியாவும்

கனடாவில் ஒரு பழைய பயம் இன்னும் சுற்றுகிறது. 2012இல், ஸ்பான்சர் செய்த கணவரோடு 2 ஆண்டு சேர்ந்து வாழாவிட்டால் பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்பு போகும் என்று நிபந்தனை வைத்தார்கள். 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். ஆக பி.ஆர். வந்துவிட்டது என்றால் பிரிந்தாலும் போகாது. மாப்பிள்ளை வீட்டார் பழைய கதையைச் சொல்லி மிரட்டினால் நம்ப வேண்டாம். சொல்லப்போனால் மனைவியின் செலவைப் பார்த்துக்கொள்வேன் என்று ஸ்பான்சர் கொடுத்த பொறுப்புறுதி 3 ஆண்டுக்கு அவர் தலைமேல்தான்.

பி.ஆர். இன்னும் வரவில்லை, கணவர் மூலம்தான் அதற்குக் காத்திருக்கிறார் என்றால், 2019 ஜூலையில் வந்த தற்காலிகத் தங்கும் அனுமதி இருக்கிறது. முதல் முறை கட்டணமில்லை, குறைந்தது 6 மாதம், வேலை அனுமதியும் மருத்துவமும் சேரும். இதைக் கேட்கும்போது கனடாவுக்குள்ளேயே இருக்க வேண்டும். சேலத்துக்கு வந்தபின் யோசித்துப் பயனில்லை. நிரந்தரமாகத் தங்க, மனிதாபிமான அடிப்படையில் தனி மனுப் போட வேண்டும், அது நீண்ட கதை.

ஆஸ்திரேலியாவில் துணைவர் விசா வரிசையில் இருப்பவர்களுக்கு நல்ல ஏற்பாடு. உறவு முடிந்துவிட்டது, உறவு இருந்தபோதே வன்முறை நடந்தது என்று காட்டினால் நிரந்தர விசா மனுவைக் கணவர் இல்லாமலே தொடரலாம். கோர்ட் உத்தரவு இல்லையா, சத்தியப் பிரமாணத்தோடு டாக்டர், சமூகப் பணியாளர், காப்பகம், போலீஸ் போன்றவற்றில் இரண்டு சான்றுகள் போதும். இங்கே ஆவணம் சேர்ப்பது அமெரிக்காவைவிடத் தெளிவு. ஆனால் மாணவர் விசாக்காரரின் மனைவிக்கு இது பொருந்தாது.

ஜெர்மனிக்குப் போனவர்கள் கேட்கிறார்கள்: தனி உரிமை வர அங்கே 3 ஆண்டு மணவாழ்க்கை வேண்டும், வன்முறை என்றால் அந்தக் கணக்கில் விலக்குக் கேட்கலாம்.

| | கணவர் யாராக இருந்தால் | கணவருக்குத் தெரியாமல் | நாட்டை விட்டு வந்த பின் |
|---|---|---|---|
| அமெரிக்கா வாவா | சிட்டிசன், கிரீன் கார்டு | முடியும் | கொடுமை அங்கே நடந்திருந்தால் முடியும் |
| அமெரிக்கா யு விசா | யாராக இருந்தாலும் | மனு ரகசியம், போலீஸுக்குத் தெரியும் | முடியும், கஷ்டம் |
| பிரிட்டன் நிரந்தரம் | குடிமகன், நிரந்தரக் குடியிருப்பு | முடியும் | கைவிடப்பட்டிருந்தால் முடியும் |
| கனடா தற்காலிக அனுமதி | பி.ஆர். அவர் மூலம் கேட்டிருந்தால் | முடியும் | முடியாது |

வளைகுடா

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசாவே கணவரின் ஸ்பான்சரில் நிற்கிறது, அடிபட்டவர் என்பதற்காக நிரந்தரமாகத் தங்கவிடும் வழி என்று ஒன்றும் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் மட்டும் 2018 முதல், விவாகரத்தான பெண்ணுக்கு ஸ்பான்சர் இல்லாமல் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. மற்றபடி இந்தியத் தூதரகத்துக்குப் போய், 2009இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதியில் உதவி கேட்டு ஊர் திரும்புவதுதான். இங்கே “கிளம்பி வந்துடு” என்பதே சரியான பதில்.

சேலத்துக்கே திரும்பி வருவது

இதையும் ஒரு வழியாகவே எடை போட வேண்டும். தோற்றுப்போய் வருவது என்று நினைக்க வேண்டியதில்லை. வாழாவெட்டி என்று நாலு பேர் சொல்வார்களே என்ற பயத்தில் மகளை அங்கேயே இருக்கச் சொல்லும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன், அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

திரும்பி வந்தால் கிடைப்பது கொஞ்சமில்லை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில், பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். ஆக அடி விழுந்தது டல்லாஸில் என்றாலும் மனு சேலம் கோர்ட்டில். ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு, சீதன நகை எல்லாம் அதில் கேட்கலாம். 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, என் கடைக்கு அதே கட்டு மூன்றாவது வருடமும் வருகிறது என்பது வேறு விஷயம். கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கு முன்பு இருந்த 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 85. பெண் தஞ்சம் புகுந்த ஊரிலேயே அந்தப் புகாரையும் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. கணவர் அங்கே ஒருதலையாக விவாகரத்து வாங்கிவிட்டால்? 1991இல் நரசிம்மராவ் எதிர் வெங்கடலட்சுமி வழக்கில், மனைவி ஒப்புக்கொள்ளாத, அவர் கலந்துகொள்ளாத அப்படிப்பட்ட தீர்ப்பு இங்கே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது.

இனி செலவுக் கணக்கு. கிரீன் கார்டை வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்தால் அது கைவிட்டுப் போகும், முன்கூட்டி மறுநுழைவு அனுமதி வாங்கினால் 2 ஆண்டு வரை தாங்கும். வெளிநாட்டில் இருக்கும் கணவருக்குச் சம்மன் போய்ச் சேர்வதே பெரும்பாடு.

எல்லாவற்றையும்விடப் பெரியது குழந்தை. குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை, அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்திருக்கின்றன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால், இங்குள்ள கோர்ட் குழந்தையின் நலனைப் பார்த்து முடிவு செய்யும், ஆனால் அங்கே கணவர் கடத்தல் என்று வழக்குப் போடலாம். அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், வன்முறையிலிருந்து தப்பி வந்தேன் என்பதை எதிர்வாதமாக வைக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. அங்கே பிறந்த குழந்தைக்கு 16 வயது வரை அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுக்கப் பொதுவாகப் பெற்றோர் இருவர் சம்மதமும் வேண்டும் என்பதால், பாஸ்போர்ட்டைக் கணவர் ஒளித்துவைத்தால் பாதி வழி அங்கேயே அடைபடும். எனவே குழந்தை இருந்தால், டிக்கெட் போடும் முன் அங்குள்ள குடும்பநல வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுவது கட்டாயம் என்பேன்.

ஆக, யாருக்கு எது

கணவர் சிட்டிசனோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர் என்றால், அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றிலும் அங்கேயே வேறு வீட்டுக்கோ காப்பகத்துக்கோ போய், அங்கிருந்து மனுப் போடுவதுதான் என் வாக்கு. எச்-4, பிரிட்டனில் வேலை விசாக்காரர் மனைவி, இவர்கள் அங்கேயே இருப்பது, திரும்பி வருவது இரண்டையும் எடை போட வேண்டும்: போலீஸ் பதிவும் கொஞ்சம் பண ஆதரவும் இருந்தால் அங்கே, இரண்டும் இல்லாமல் குழந்தையும் இல்லை என்றால் திரும்பி வந்து இங்கே வழக்கு நடத்துவது மேல். விசா இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே என்று அடியைத் தாங்கிக்கொண்டு இருப்பது எந்த வகையிலும் சேராது.

என் தொழில் பக்கத்தில் இருந்து சில விஷயம். அமெரிக்க மனுவுக்குத் தமிழ்க் காகிதம் முழுவதையும் மொழிபெயர்க்க வேண்டும், முழுமையாகவும் சரியாகவும் பெயர்த்தேன், இரு மொழியும் எனக்குத் தெரியும் என்று மொழிபெயர்ப்பவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நோட்டரி முத்திரை கட்டாயமில்லை, அதற்குத் தனியாகக் காசு கேட்டால் அழ வேண்டாம். வசவுச் சொற்களை நாகரிகம் பார்த்து மாற்றாதீர்கள். ‘ஓடுகாலி’ என்று அவன் எழுதியிருந்தால் அதை ‘கெட்ட வார்த்தை சொன்னார்’ என்று மழுப்பினால் கொடுமையே காகிதத்தில் இருந்து காணாமல் போகும். நான் அந்தச் சொல்லைத் தமிழிலேயே வைத்து, பக்கத்தில் பொருள் எழுதுகிறேன். கல்யாண ஆல்பத்தையும் மண்டப ரசீதையும் எடுத்து வையுங்கள், கல்யாணம் உண்மையானது என்பதற்குச் சாட்சி அதுதான். வாட்ஸப் ஆடியோவைக் கணவருக்குப் பாஸ்வேர்டு தெரிந்த மெயிலில் சேமிக்க வேண்டாம், சேலத்தில் இருக்கும் ஒரு போனுக்கு அனுப்பிவிட்டு அந்தப் போனை யாரும் மாற்றாமல் வைத்திருங்கள்.

உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண்கள்: அமெரிக்காவில் 1-800-799-7233, பிரிட்டனில் 0808 2000 247, ஆஸ்திரேலியாவில் 1800 737 732, தமிழ்நாட்டில் 181. ஆங்கிலம் வரவில்லை என்றால் ‘தமிழ் இன்டர்பிரட்டர்’ என்று கேட்கச் சொல்லுங்கள்.

நாகலூர் அம்மாவிடம் அன்றைக்கு மூன்று கேள்விகளை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: உன் விசா என்ன, அவன் விசா என்ன, உன் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது. சேலத்தில் இரவு எட்டரை என்றால் கோடையில் டல்லாஸில் காலை பத்து மணி, மாப்பிள்ளை ஆபீஸ் போயிருப்பான், அப்போது பேசுங்கள் என்றேன். மறுநாள் காலை கடை திறப்பதற்குள் போன் வந்துவிட்டது. மகளுக்குக் கிரீன் கார்டு, பத்து வருடத்துடையது, அவள் பெயரிலேயே.